கரையோரப் பறவைகளின் சேமிப்பு

குளிர்கால விடுமுறையில் குஜராத் செல்லும் குடும்பங்கள் பெரும்பாலும் துவாரகையையும் சோமநாதத்தையும் தரிசித்துவிட்டுத் திரும்பிவிடுகின்றன. இடையே ஒரு நாளைக் கச்சு வளைகுடாவின் தென்கரையில் உள்ள ஜாம்நகருக்கு ஒதுக்கலாம் என்பது எமது பரிந்துரை. அதனுடன் ஒரு நிபந்தனையும் உண்டு.

ஜாம்நகரிலிருந்து ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவில் கிஜடியா பறவைகள் சரணாலயம் உள்ளது. கடல்நீர் விளைநிலங்களுக்குள் புகாதிருக்க நவாநகர் சமஸ்தானக் காலத்தில் எழுப்பப்பட்ட கரைகளே இதன் தோற்றுவாய். கரையின் ஒருபுறம் நன்னீர். மறுபுறம் உப்பளமும் அலையாத்திக் காடும் கடலும். பயிரைக் காக்கச் செய்த செலவு, பறவைகளுக்கும் வாழ்விடமானது. 2022-ஆம் ஆண்டு இது ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது.

இங்குக் கடற்காகங்களும் ஆலாக்களும் கூட்டங்கூட்டமாக வந்திறங்குகின்றன. கறுப்பும் வெள்ளையுமான நண்டுதின்னிகள் சேற்றுப்பரப்பில் இரை தேடுகின்றன. மீனையே நம்பி வாழும் விராலடிப்பான், கால்களை நீட்டியபடி நீரில் பாய்கிறது. மணிக்கு 300 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் இரைமீது பாயவல்ல பைரி என்னும் வல்லூறும் குளிர்காலத்தில் வருகிறது.

பணிமாறுதலில் குஜராத் வந்த நாங்கள் சிலர், ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கடற்கரைக்குச் சென்றிருந்தோம். ஓதம் ஏறும் நேரம். பறவைகள் ஒரு மணல்திட்டில் நெருங்கி ஓய்ந்திருந்தன. கைப்பேசியில் நல்ல படம் வேண்டுமென்று எங்களுள் ஒருவர் முன்னே நடந்தார். தடுத்திருக்க வேண்டிய நாங்களும் பின்தொடர்ந்தோம். கூட்டம் முழுவதும் எழுந்து பறந்தது. நாங்கள் புறப்படும்வரை அவை திரும்பவில்லை. படமும் தெளிவாக அமையவில்லை.

‘பறவை பறப்பது இயல்புதானே, இதில் என்ன இழப்பு?’ என்று கேட்கலாம். பைரி வந்தாலும் அவை பறக்கத்தான் செய்கின்றன. ஆனால், பைரிக்கு அது உணவு, நமக்கோ பொழுதுபோக்கு. கரைப்பறவைகள் பலவும் ஓதம் வடிந்த சில மணி நேரத்தில்தான் இரை தேட இயலும். அவ்வாறு தேடியதை உடலில் கொழுப்பாகச் சேர்த்து வைத்தே வடதிசை நோக்கிய நெடும்பயணத்தைத் தொடங்குகின்றன. வீணாகப் பறக்கும் ஒவ்வொரு முறையும் அச்சேமிப்பிலிருந்து ஒரு தொகை கழிகிறது. ஒருவர் எடுப்பது சிறுதொகைதான். நாள்முழுதும் பலர் எடுத்தால் கணக்கில் என்ன மிஞ்சும்? இதனை வங்கிப் பணியில் இருக்கும் நாங்கள் முன்பே உணர்ந்திருக்க வேண்டும்.

ஆகவே நிபந்தனை இதுதான்: தொலைவில் நில்லுங்கள். ஓர் எளிய இருநோக்கியை வாங்கிக்கொள்ளுங்கள். ஒருமுறை செய்யும் அச்செலவு பல ஆண்டுகள் பயன்தரும். பறவைகள் இரை தேடுவதை நிறுத்தித் தலைநிமிர்ந்து நோக்கினால், அதுவே உங்களுக்கான எல்லைக்கோடு, இரண்டடி பின்வாங்குங்கள். கடற்காகங்களுக்குக் கடலைமாவுத் தின்பண்டங்களை வீசும் வழக்கத்தையும் கைவிடுவோம். கடல்சார் தேசியப் பூங்காப் பகுதிகளுக்கு வனத்துறையின் அனுமதி பெற்றே செல்லுங்கள்.

அடுத்த குளிர்காலத்தில் நாங்கள் மீண்டும் அக்கரைக்குச் செல்வோம். இம்முறை கரைமேட்டிலேயே அமர்ந்திருப்போம்.