எத்தனை பிரதி, எத்தனை கை?

எமது சஞ்சிகைக்கு விளம்பரம் கேட்டுப் போகும்போதெல்லாம் முதலில் வரும் கேள்வி, "எத்தனை பிரதி அடிக்கிறீர்கள்?" என்பதுதான். அதில் பிழையில்லை. காசு கொடுப்பவர் கணக்குக் கேட்கத்தான் செய்வார். அண்மைக் காலமாக இதனோடு இன்னொரு கேள்வியும் சேர்ந்து வருகிறது. "இதை இணையத்தில் போட்டால் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று நாளாந்தம் இலக்கம் வருமே, ஏன் தாளில் காசைக் கொட்டுகிறீர்கள்?" எமது நிர்வாகக் கூட்டத்திலும் இளைய உறுப்பினர்கள் இதையே கேட்கிறார்கள். பிரதிகளைப் பாதியாகக் குறைக்கலாம் என்ற யோசனையும் மேசைக்கு வந்துவிட்டது. ஆகவே இம்முறை இப்பத்தியை இந்தக் கேள்விக்கே ஒதுக்குகிறோம்.

இலக்கம் வரும் என்பது உண்மைதான். ஆனால் யாருடைய இலக்கம்? எமது வாசகர்களில் பலர் இந்நாட்டுக்கு வந்து ஒன்றிரண்டு வருடங்கூட ஆகாதவர்கள். அகதி விடுதியில் ஓர் அறையில் நாலு பேர். கைத்தொலைபேசி உண்டு, ஆனால் அதில் ஊருக்குக் கதைப்பதற்கு மட்டும் அளந்து போட்ட காசு. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனபின் வீட்டில் தனியே இருக்கும் அம்மம்மாவுக்கு அந்தத் தொலைபேசியும் இல்லை. இவர்கள் எவரும் இணையத்தின் கணக்கில் விழமாட்டார்கள். விழாதவர்கள் வாசகர்கள் இல்லையென்று ஆகிவிடுமா?

பத்திரிகைத் தொழிலில் உள்ளவர்களுக்கு இது புதிய பிரச்சினை அல்ல. விற்பனையாகும் பிரதிகளைத் தணிக்கை செய்வதற்கென்றே இந்தியாவில் 1948 இல் ஓர் அமைப்பு ஏற்பட்டது. ஆனால் விற்ற பிரதி வேறு, வாசித்த ஆள் வேறு என்பதை அத்தொழிலார் எப்போதோ ஒப்புக்கொண்டு, இரண்டையும் தனித்தனியாகவே கணக்கெடுக்கிறார்கள்.

எம்மவருக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஊரில் சனசமூக நிலையத்தை நினைத்துப் பாருங்கள். வருவது ஒரு பத்திரிகை. நடுத்தாள் ஒருவர் கையில், விளையாட்டுப் பக்கம் இன்னொருவர் கையில், முன்பக்கத்தை ஒருவர் உரத்து வாசிக்கத் திண்ணையில் இருப்பவர்கள் கேட்பார்கள். 1990 இல் யுத்தம் மீண்டும் தொடங்கி, குடாநாட்டில் மின்சாரம் நின்று, பற்றரிக்கும் தாளுக்கும் தடை வந்த காலத்தில், கோடு போட்ட கொப்பித் தாளிலும் பத்திரிகை அச்சாகியது. சைக்கிள் டைனமோவில் வானொலி பாடியது. ஒருவர் பெடலைச் சுற்றப் பத்துப் பேர் செய்தி கேட்டார்கள். அந்தப் பத்திரிகைகளை அச்சான பிரதிகளைக் கொண்டு அளப்பவர் என்ன விடை காண்பார்?

இதைவிடக் கடினமான நிலையில் நடந்த வெளியீடு ஒன்றும் உண்டு. சோவியத் ஒன்றியத்தில் தணிக்கை அதிகாரியின் அனுமதியில்லாமல் எதையும் அச்சிட முடியாது. 1968 ஏப்ரலில் மொஸ்கோவில் 'நடப்பு நிகழ்வுகளின் குறிப்பேடு' என்னும் வெளியீடு தோன்றியது. யாரைக் கைது செய்தார்கள், யாருடைய வீட்டைச் சோதனையிட்டார்கள், எந்த முகாமில் யார் உண்ணாவிரதம் இருக்கிறார் என்பவற்றை, கோபமான சொல் ஒன்றுமின்றி, தேதியும் பெயருமாக எழுதும் தாள் அது. 1944 இல் ஊரோடு பெயர்த்து நாடுகடத்தப்பட்ட கிரிமியத் தாத்தாரியரின் செய்தியும் அதில் வந்தது. முதலில் அதைத் தொகுத்தவர் நடாலியா கோர்பனேவ்ஸ்காயா என்னும் கவிஞர். கைக்குழந்தைக்காரி. 1969 டிசம்பரில் அவரைக் கைது செய்து, பின்னர் மனநோய் வைத்தியசாலையில் அடைத்தார்கள்.

அந்தக் குறிப்பேட்டுக்கு அச்சகம் இல்லை. மெல்லிய தாள்களுக்கு நடுவே காபன் வைத்துத் தட்டச்சு செய்தார்கள். அப்படிச் செய்தால் ஒரு தடவையில் கிடைப்பது சில பிரதிகள்தாம், அதிலும் அடித்தாள் மங்கிப்போய்க் கண்ணைக் கெடுக்கும். கையில் கிடைத்தவர் அதை இன்னும் பலருக்குக் கொடுக்க விரும்பினால், தானே இரவிரவாக இருந்து மறுபடி தட்டச்சு செய்யவேண்டும். பிடிபட்டால் சிறை. இன்றோ கைதவறி ஒரு தட்டுத் தட்டினாலும் ஒருவர் 'பார்த்தவர்' ஆகிவிடுகிறார். இந்த இரண்டு வாசகரையும் ஒரே இலக்கத்தில் எப்படிச் சேர்ப்பது?

எத்தனை பேர் வாசித்தார்கள் என்று அதை நடத்தியவர்களுக்குத் தெரியாது; தெரிந்துகொள்ளவும் கூடாது. ஆனால் வேறொன்று அவர்களுக்குத் தெரிந்தது. செய்தி தர விரும்புபவர், தனக்குத் தாளைத் தந்தவரிடம் அதைச் சொல்லட்டும், அவர் தனக்குத் தந்தவரிடம் சொல்லட்டும், ஆனால் யாரும் சங்கிலி முழுவதையும் தேடிப் போகவேண்டாம், போனால் உளவாளி என்று எண்ணப்படுவீர்கள் என்ற கருத்தில் ஆரம்ப இதழ் ஒன்றிலேயே அறிவுரை கூறியிருந்தார்கள். தாள் கீழே இறங்கிய அதே வழியால் செய்தி மேலே ஏறியது. தூரத்து முகாமிலிருந்து ஒரு கைதியின் பெயர் வந்து சேர்ந்தால், தாள் அவ்விடம்வரை எட்டியிருக்கிறது என்று பொருள். முந்திய இதழில் வந்த பெயருக்கோ தேதிக்கோ திருத்தம் வந்தால், யாரோ ஊன்றி வாசித்திருக்கிறார் என்று பொருள். அத்திருத்தங்களையும் குறிப்பேடு ஒழுங்காக வெளியிட்டு வந்தது.

கே.ஜி.பி.யும் தன் வழியில் ஓர் அளவு வைத்திருந்தது. இதழ் ஒவ்வொன்றுக்கும் ஆட்களைப் பிடிப்போம் என்று மிரட்டியதில் 27 ஆவது இதழோடு 1972 இல் வெளியீடு நின்றது. 1974 மே மாதத்தில் தத்யானா வெலிக்கனோவா, செர்கேய் கொவலியோவ், தத்யானா கொதரோவிச் ஆகிய மூவரும் தங்கள் பெயரைச் சொல்லியே மூன்று இதழ்களை ஒன்றாக வெளியே விட்டார்கள். அவ்வருட இறுதியிலேயே கொவலியோவ் கைதானார். முகாமில் ஏழு வருடம், பின்னர் மூன்று வருடம் நாட்டுக்குள்ளேயே தூர இடத்தில் வைத்திருத்தல் என்று தண்டனை. சில தட்டச்சுப் பிரதிகளுக்கு ஓர் அரசு இவ்வளவு விலை போட்டது. கடைசியாக வந்தது 64 ஆம் இலக்கம், அதன் தேதி 1982 ஜூன்.

இணையம் வந்த பிறகும் இத்தகைய நிலைமை போய்விடவில்லை. கியூபாவில் 2018 டிசம்பரில்தான் கைத்தொலைபேசியில் இணையம் பொதுமக்களுக்குக் கிடைத்தது. அதற்கு முன்னரே 'வாராந்தப் பொதி' என்று ஏறத்தாழ ஒரு டெராபைட் அளவான படங்கள், தொடர்கள், சஞ்சிகைகள் எல்லாம் ஹார்ட் டிஸ்க்கில் ஏறி, வாரந்தோறும் கைகளால் வீடுவீடாகப் போகத் தொடங்கிவிட்டன. பழைய சைக்கிள், தைக்கும் மெஷின் விற்கும் சிறுவிளம்பரங்களும் அதில் போயின. விளம்பரம் கொடுத்தவருக்கு எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற இலக்கம் கிடைக்கவில்லை. வீட்டுத் தொலைபேசி அடித்தால் அவருக்குப் போதும். எமது விளம்பரதாரர்கள் இதைச் சற்றுக் கவனிக்கவேண்டும்.

எமது நிலைமைக்கு வருவோம். இங்கே தாளைக் கொடுத்ததற்காக எவரும் சிறை போவதில்லை, அந்த ஒப்பீட்டை நாம் செய்யவில்லை. ஆனால் மேலே ஏறிவரும் செய்தி எமக்கும் உண்டு. வைத்தியசாலையில் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறுவது எப்படி என்று சென்ற வருடம் எழுதியபோது வந்த கடிதங்கள் மூன்றே மூன்று. ஆனால் அந்தப் பக்கத்தை வெட்டி மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு கோயில் மண்டபத்துக்கு வந்தவர்களை நாம் மாதக்கணக்காகக் கண்டோம். அவர்களில் பலர் சஞ்சிகையை வாங்கியவர்கள் அல்ல. யாரோ தந்தது என்றார்கள்.

எனவே இவ்வருடம் பிரதிகளைக் குறைப்பதில்லை என்று முடிவாகியிருக்கிறது. இளைஞர்களின் விருப்பப்படி இணையத்திலும் போடுவோம். அங்கு வரும் இலக்கத்தைத் தாளின் இலக்கத்தோடு ஒப்பிடமாட்டோம், அவ்வளவுதான். வாசகர் பெயரும் முகவரியும் பதியலாம் என்று ஒருவர் சொன்னதை நாம் ஏற்கவில்லை. அகதி வழக்கு முடியாதவர்கள் பலர் எம்மிடையே இருக்கிறார்கள். ஒரு தாளில் பெயர் எழுதவே அவர்களுக்குக் கை கூசும், அந்தக் கூச்சத்துக்குக் காரணமும் உண்டு.

அடுத்த இதழின் பின் அட்டையில் பன்னிரண்டு சிறு கட்டங்கள் இருக்கும். வாசித்து முடித்தவர் ஒரு கட்டத்தில் ஒரு கோடு கீறிவிட்டு மற்றவரிடம் கொடுக்கவும். வாசிக்கத் தெரியாத ஒருவருக்கு உரத்து வாசித்துக் காட்டினால் அவருக்காகவும் ஒரு கோடு கீறவும். பெயர் வேண்டாம். கட்டங்கள் நிரம்பியதும் தமிழ்க் கடையிலோ கோயில் மண்டபத்திலோ வைத்திருக்கும் பெட்டியில் போட்டுவிடுங்கள். சமையல் குறிப்பை வெட்டி எடுத்திருந்தால் குறையில்லை, பின் அட்டை மட்டும் வந்தால் போதும்.