ஸ்கூட்டரில் ஒரு கொக்கி: சுமைக்குப் பொறுப்பு யாருக்கு?

காலை ஏழு மணிக்கெல்லாம் தேக்கா சந்தையைச் சுற்றி மோட்டார்சைக்கிள்களும் ஸ்கூட்டர்களும் வரத் தொடங்கிவிடும். வாழையிலைக் கட்டு, பூக்கூடை, தேங்காய்ச் சாக்கு, சாப்பாட்டுக் கடைக்கான காய்கறிப் பெட்டி என்று ஒவ்வொன்றின் பின்னாலும் ஏதாவது ஒன்று ஏறும். பகல் பொழுது வந்தால் அதே சிராங்கூன் சாலையில் உணவு விநியோகப் பைகளைச் சுமந்த வண்டிகள் வரிசை பிடிக்கும்.

இந்த வண்டிகளைச் சற்று நின்று கவனித்தால் பலவற்றில் சொந்தக் கைவேலை ஒன்று தெரியும். பின்புறக் கைப்பிடிக் கம்பியில் சுற்றிய பழைய சைக்கிள் டியூப், இருக்கைக்கு அடியிலிருந்து எட்டிப் பார்க்கும் நைலான் பட்டை வளையம், கேரியரில் முடுக்கிய வளைய போல்ட், பிளாஸ்டிக் மூடியில் துளையிட்டு மாட்டிய கொக்கி. இவற்றில் எதையும் வண்டியைத் தயாரித்த நிறுவனம் பொருத்தவில்லை. சுமையைக் கட்ட இடமில்லாததால் ஓட்டுபவரே செய்துகொண்டவை.

பார்வைக்கு இவை சின்ன விஷயம். ஆனால், ஒரு மனிதர் பத்திரமாக வீடு திரும்புவது சில நேரங்களில் இந்தக் கொக்கியைப் பொறுத்தே இருக்கிறது. அந்தக் கொக்கிக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்கு இன்றுவரை தெளிவான பதில் இல்லை.

எண்ணிக்கை சொல்வது

சிங்கப்பூர்ச் சாலைகளில் 2024ஆம் ஆண்டு விபத்துகளில் உயிரிழந்தவர்கள் 142 பேர். அவர்களில் 85 பேர் மோட்டார்சைக்கிளோட்டிகளும் பின்னிருக்கைப் பயணிகளும். அதாவது பத்தில் ஆறு பேர். அதற்கு முந்தைய ஆண்டு உயிரிழந்த 136 பேரில் 68 பேர் இப்பிரிவினர். நாட்டிலுள்ள வாகனங்களில் மோட்டார்சைக்கிள்களின் பங்கோ ஏறக்குறைய 15 விழுக்காடுதான்.

இந்த மரணங்களுக்குச் சுமைதான் காரணம் என்று சொல்வதற்கில்லை. வேகம், கவனக்குறைவு, மற்ற வாகனங்களின் தவறு என்று காரணங்கள் பல. ஆனால், இரண்டு சக்கரத்தில் செல்பவருக்குத் தவறைத் திருத்திக்கொள்ளக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு என்பதை இந்த எண்கள் காட்டுகின்றன. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் ஸ்கூட்டர் ஒரு விநாடியில் ஏறத்தாழ 14 மீட்டர் கடந்துவிடும். பின்னால் கட்டிய பை சரிவதை உணர்ந்து திரும்பிப் பார்ப்பதற்குள் முன்னால் உள்ள கார் பிரேக் போட்டிருக்கும்.

எப்படி வந்தது இந்த நிலை?

சைக்கிள் கேரியரில் பால் பாத்திரத்தைக் கட்டிச் சென்ற காலத்தை லிட்டில் இந்தியாவின் மூத்தோர் நினைவில் வைத்திருப்பார்கள். மலேசியத் தோட்டப்புறங்களில் ரப்பர் பால் வாளியையும் விறகுக் கட்டையும் டியூப் வாரால் இறுக்கிக் கட்டியவர்களின் பிள்ளைகள் பலர் இன்று பாலம் கடந்து சிங்கப்பூருக்கு மோட்டார்சைக்கிளில் வேலைக்கு வருகிறார்கள். கட்டுவது நமக்குப் புதிதில்லை. கட்டும் வண்டிதான் மாறிவிட்டது.

பழைய சைக்கிள் கேரியர் முழுக்க இரும்பு. எங்கே கட்டினாலும் தாங்கும். இன்றைய ஸ்கூட்டரின் வெளிப்புறம் பெரும்பாலும் பிளாஸ்டிக். அதன் எலும்புக்கூடான இரும்புச் சட்டகம் உள்ளே மறைந்திருக்கிறது. வெளியே தெரியும் அழகான மூடி அந்த எலும்புக்கூட்டுக்கு மேல் போர்த்திய சட்டை மட்டுமே. சட்டைப் பொத்தானில் யாரும் மூட்டையைத் தொங்கவிடுவதில்லை.

மற்றொரு மாற்றம் 2019ல் வந்தது. அவ்வாண்டு நவம்பர் 5ஆம் தேதி முதல் நடைபாதைகளில் மின்ஸ்கூட்டர்கள் தடைசெய்யப்பட்டன. அதை நம்பி உணவு விநியோகம் செய்தவர்களில் பலர் சைக்கிளுக்கும் மோட்டார்சைக்கிளுக்கும் மாறினார்கள். அடுத்து வந்த கொவிட்-19 காலத்தில் வீட்டுக்கே வரும் உணவுக்கும் பொருளுக்கும் தேவை கூடியது.

மோட்டார்சைக்கிளுக்கான வாகன உரிமைச் சான்றிதழ்க் கட்டணம் 2022ல் 12,000 வெள்ளியைத் தாண்டியது. பல சிறிய ஸ்கூட்டர்களின் விலையைவிட அதை ஓட்டும் உரிமைக்கான விலை அதிகம் என்ற நிலையில், சுமைக்கு ஏற்ற வண்டியாகத் தேடி வாங்க எல்லாராலும் முடியாது. கையில் இருப்பதையோ வாடகைக்குக் கிடைப்பதையோ வேலைக்கு ஏற்ப மாற்றிக்கொள்கிறார்கள். கொக்கி பிறப்பது இந்த இடத்தில்தான்.

விதி நிற்கும் இடம்

வாகன மாற்றங்களை நிலப் போக்குவரத்து ஆணையம் மூன்றாகப் பிரிக்கிறது. அனுமதி தேவையில்லாதவை, அனுமதி பெற்றுச் செய்யவேண்டியவை, எக்காரணத்திற்கும் அனுமதிக்கப்படாதவை. சட்டவிரோதமாக மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு அபராதமோ சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். மூன்று ஆண்டுகளைக் கடந்த மோட்டார்சைக்கிள் ஆண்டுதோறும் பரிசோதனைக்குச் செல்லவேண்டும். சுமை சாலையில் விழுந்து மற்றவர்களுக்கு ஆபத்து விளைவித்தால் ஓட்டுநர் பொறுப்பேற்கவேண்டும் என்பது எல்லா வாகனங்களுக்கும் பொது.

ஏற்கெனவே உள்ள போல்டில் ஒரு துணிப்பட்டையை மாட்டுவதும் சட்டகத்தில் துளையிடுவதும் ஒன்றல்ல. முதலாவதைச் சில நிமிடங்களில் கழற்றிவிடலாம். வண்டி பழையபடி ஆகிவிடும். இரண்டாவது வண்டியின் பலத்தையே மாற்றுகிறது. சட்டகத்தில் துளையிடுவது, பற்றவைப்பது போன்றவற்றில் இறங்குமுன் ஆணையத்திடம் கேட்டுக்கொள்வதே நல்லது. காப்பீட்டு நிறுவனத்திடமும் சொல்லிவைக்கவேண்டும். விபத்துக்குப் பிறகு வாதாடுவதைவிட முன்பே ஒரு மின்னஞ்சல் அனுப்புவது எளிது. சொந்தப் பயன்பாட்டுக்கான காப்பீடு விநியோக வேலைக்குப் பொருந்துமா என்பதையும் அப்போதே தெரிந்துகொள்ளலாம்.

இன்னொரு பக்கம், 2025 ஜனவரி 1ஆம் தேதி இணையத்தள ஊழியர் சட்டம் நடப்புக்கு வந்தது. விநியோக ஊழியர் வேலையில் காயமடைந்தால் மற்ற ஊழியர்களுக்கு இணையான இழப்பீடு பெற அது வழிசெய்கிறது. இது பெரிய முன்னேற்றம். ஆனால், இழப்பீடு என்பது விழுந்த பிறகு வருவது. விழாமல் தடுக்கும் கொக்கியைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

வண்டிக்குத் தயாரிப்பாளர் பொறுப்பு. பரிசோதனைக்கு நிலையம் பொறுப்பு. பைக்கு விநியோக நிறுவனம் பொறுப்பு. பையும் வண்டியும் சேரும் அந்த ஓரங்குல இடம் மட்டும் முழுக்க முழுக்க ஓட்டுநரின் தலையில் விழுகிறது.

ஒரே மாதிரி தெரியும் இரண்டு வளையங்கள்

சொந்தமாகச் செய்த எல்லாக் கொக்கியும் ஆபத்தானதல்ல. நல்லதும் கெட்டதும் வெளியிலிருந்து ஒரே மாதிரி தெரிவதுதான் சிக்கல்.

நல்ல வளையம் உலோகத்தைப் பிடித்திருக்கும். பின்புறக் கைப்பிடிக் கம்பியையும் கேரியரையும் சட்டகத்துடன் இணைக்கும் போல்ட்தான் அதற்கு ஏற்ற இடம். அந்த போல்டுக்கு அடியில், அகலமான வாஷருடன், கெட்டியாகத் தைத்த நைலான் பட்டையை வளையமாக மாட்டலாம். பட்டையின் தடிப்பால் போல்ட் முழுமையாக முடுக்க முடியாமல் போனால், அதே அளவும் அதே தரமும் கொண்ட, சற்று நீளமான போல்டைப் பயன்படுத்தவேண்டும். இதை மோட்டார்சைக்கிள் பழுதுபார்ப்பவரிடமே செய்துகொள்வது உத்தமம். வேலை முடிந்ததும் கைப்பிடியை ஆட்டிப் பார்க்கவேண்டும். அது அசைந்தால் வேலை முடியவில்லை என்று பொருள்.

கெட்ட வளையம் பிளாஸ்டிக்கையோ, சேற்றுத்தடுப்பையோ, வாகன எண் பலகையின் தாங்கியையோ, சமிக்ஞை விளக்கின் தண்டையோ பிடித்திருக்கும். நிறுத்தி வைத்திருக்கும்போது கையால் இழுத்துப் பார்த்தால் உறுதியாகத்தான் இருக்கும். மேடுபள்ளத்தில் மீண்டும் மீண்டும் குலுங்கும்போதுதான் துளையைச் சுற்றி விரிசல் விடும்.

எத்தனை இடத்தில் கட்டுகிறோம் என்பதும் முக்கியம். இரண்டு வளையங்களில் குறுக்கே ஒரு கயிறு போட்டால் பை பக்கவாட்டில் நிற்கும், ஆனால் பிரேக் போட்டதும் முன்னால் நகரும். நான்கு மூலைகளிலிருந்து இழுத்துக் கட்டினால் நான்கு திசையிலும் நிற்கும். கொக்கி வைத்த ரப்பர் கயிறு பலருக்கும் பிடித்தமானது. ஆனால், அது இழுபடும் பொருள். சுமை குதித்தால் அதுவும் சேர்ந்து குதிக்கும். இழுத்து மாட்டும்போது கைநழுவினால் அதன் இரும்புக் கொக்கி நேராகக் கண்ணை நோக்கி வரும். கொளுவியுடன் கூடிய பட்டை வார் அதைவிடப் பாதுகாப்பானது. கட்டி முடித்தபின் மிஞ்சும் நுனியைச் சுருட்டி முடிந்துவிடவேண்டும். தொங்கும் நுனி சக்கரத்தில் சுற்றிக்கொண்டால் வண்டி நின்ற இடத்திலேயே கவிழும்.

சிங்கப்பூரின் வெயிலும் மழையும் பட்டையை மெல்ல மெல்லத் தின்றுவிடும். நிறம் வெளுத்து, ஓரம் பிசிறு விட்டிருந்தால் மாற்றிவிடுவது நல்லது. புதுப்பட்டைக்கு ஆகும் செலவு ஒருவேளைச் சாப்பாட்டுக் காசுதான்.

கட்டு உறுதியாக இருந்தால் மட்டும் போதாது. பின்சக்கரத்தின் அச்சுக்கு 40 சென்டிமீட்டர் பின்னால் 15 கிலோ சுமையை வைத்தால், சாதாரண ஸ்கூட்டரின் முன்சக்கரத்திலிருந்து நான்கரை கிலோ பாரம் குறைந்துவிடும். ஈரச் சாலையில் திரும்பும்போது ஓட்டுநர் நம்பியிருப்பது அந்த முன்சக்கரத்தைத்தான். எனவே கனமானதைத் தாழ்வாகவும் இருக்கையை ஒட்டியும் வைப்பதே முறை. வண்டியின் கையேட்டில் எவ்வளவு எடை ஏற்றலாம் என்று எழுதியிருக்கும். பலரும் திறந்து பார்க்காத பக்கம் அது.

தடைசெய்தால் தீருமா?

சொந்தக் கைவேலையே கூடாது, எல்லாரும் முறையான பெட்டியைப் பொருத்தட்டும் என்று சொல்பவர்கள் உண்டு. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. சரியாகப் பொருத்திய பெட்டியிலிருந்து பொருள் சாலையில் விழாது.

ஆனால், வாழையிலைக் கட்டும் பூச்சரக் கூடையும் அரிசி மூட்டையும் பெட்டிக்குள் அடங்குவதில்லை. வாடகை வண்டியில் எதையும் நிலையாகப் பொருத்த உரிமையாளர் சம்மதிக்கமாட்டார். தடை வந்தால் சுமை குறையாது. அது கைப்பிடியில் தொங்கும், கால்களுக்கு இடையில் அமரும், அல்லது ஓட்டுநரின் முதுகில் ஏறும். அவை எல்லாமே நன்றாகக் கட்டிய பையைவிட மோசமான நிலைகள்.

ஆகவே, கொக்கியை ஒழிப்பதைவிட அதை நல்ல கொக்கியாக்குவதே பயன் தரும். விநியோகப் பையைக் கொடுக்கும் நிறுவனம் அதைக் கட்டும் நான்கு பட்டைகளையும் பொருத்தும் முறையையும் சேர்த்தே கொடுக்கலாம். வேலைக்கென்றே வண்டியை வாடகைக்கு விடுபவர்கள் உறுதியான கேரியரைப் பொருத்தியே விடலாம். புதிய சட்டத்தின்கீழ் ஊழியர்களைப் பிரதிநிதிக்கும் சங்கங்கள் இழப்பீட்டுடன் இதையும் பேச்சுவார்த்தையில் சேர்க்கலாம். எந்தச் சுமைக்கொளுவி சரி, எது தவறு என்பதை ஆணையம் நான்கு மொழிகளில் படத்துடன் விளக்கினால், அபராதத்துக்கு அஞ்சி மறைத்துச் செய்பவர்கள் வெளிப்படையாகச் சரியாகச் செய்வார்கள்.

சந்தையில் சாமான் ஏற்றிவிடுபவர்களுக்கும் இதில் பங்குண்டு. “இன்னொரு சாக்கு வைக்கலாமா?” என்று கேட்கும் முன் வண்டியின் பின்சக்கரத்தை ஒருமுறை பார்க்கலாம்.

இவை நடக்கும்வரை பொறுப்பு ஓட்டுநரிடமே இருக்கிறது. அதுவரை ஒரு பழக்கம் உதவும். சுமையைக் கட்டி, ஐந்து நிமிடம் ஓட்டி, ஓரமாக நிறுத்தி, கட்டை ஒருமுறை கையால் அசைத்துப் பார்ப்பது. முதல் ஐந்து நிமிடக் குலுக்கலிலேயே கட்டு தளரக்கூடும். அடுத்த ஆர்டருக்கு நேரமாகிறது என்று கைப்பேசி அவசரப்படுத்தும். அந்த ஒரு நிமிடத் தாமதத்துக்காக வீட்டில் காத்திருப்பவர்கள் யாரும் கோபித்துக்கொள்ளமாட்டார்கள்.