நோயுற்றவரை ஒதுக்கும் காப்பீடு யாருக்காக?

மைசூரை அடுத்துள்ள ஸ்ரீரங்கப்பட்டணம் வட்டம், காவிரிப் பாசனத்தில் நெல்லும் கரும்பும் விளையும் பகுதி. அங்கே ஐம்பது வயதைக் கடந்த ஒரு விவசாயி மருத்துவக் காப்பீடு கோரினால், தனியார் நிறுவனம் முதலில் அறிய விரும்புவது அவருக்கு ஏற்கெனவே நோய் உண்டா என்பதைத்தான். சர்க்கரை நோய் என்றோ இதயக் கோளாறு என்றோ படிவத்தில் எழுதியவுடன் அவர் ‘அதிக ஆபத்துள்ளவர்’ ஆகிவிடுகிறார். கூடுதல் பிரீமியம், ஆண்டுக்கணக்கில் காத்திருப்பு, இல்லையேல் நிராகரிப்பு. மருத்துவம் யாருக்கு மிகவும் தேவையோ, அவருக்கே கதவு அடைக்கப்படுகிறது.

இது ஏதோ ஒரு நிறுவனத்தின் கருணையின்மை அல்ல, லாபத்தின் கணக்கு. ஒருவருக்கு நேரும் இழப்பைப் பலர் பகிர்ந்துகொள்வதே காப்பீட்டின் அடிப்படை. தனியார் மூலதனமோ ஆரோக்கியமானவர்களைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு, மற்றவர்களை அரசின் தலையிலும் கந்துவட்டிக்காரரிடமும் தள்ளிவிடுகிறது.

வேறு வழி உண்டு என்பதைக் கர்நாடகமே காட்டியிருக்கிறது. 2003இல் நடைமுறைக்கு வந்த யஷஸ்வினி திட்டம், கூட்டுறவுச் சங்க உறுப்பினர்களான விவசாயிகளை ஒட்டுமொத்தமாகச் சேர்த்தது. ஆளுக்கு மாதம் 5 ரூபாய், ஆண்டுக்கு 60 ரூபாய்; அரசும் பங்களித்தது. 75 வயது வரை அனுமதி, முன்பரிசோதனை இல்லை, ஏற்கெனவே உள்ள நோய்க்கும் விலக்கு இல்லை. முதல் ஆண்டிலேயே சுமார் 16 லட்சம் பேர் சேர்ந்தனர். தனித்தனியாக நின்றால் ‘ஆபத்தானவர்’ எனப்படும் விவசாயி, திரளாக நின்றபோது காப்பீட்டுக்குத் தகுதி பெற்றார்.

இத்திட்டம் குறையற்றதல்ல. பெரும்பாலும் அறுவைச் சிகிச்சைகளுக்கே அது பயன்பட்டது; தினமும் மருந்து உட்கொள்ளும் நோயாளிக்கு அதனால் பயனில்லை. சங்க உறுப்பினர் அல்லாத நிலமற்ற கூலித் தொழிலாளி வெளியே நின்றார். 2018இல் ஆரோக்கிய கர்நாடகத்துடன் இணைக்கப்பட்டுத் தன் தனித்தன்மையை இழந்த திட்டம், 2023 தொடக்கத்தில்தான் மீண்டும் செயல்படத் தொடங்கியது. ஆட்சியாளர்களின் விருப்பப்படி நிறுத்தவும் தொடங்கவும் இயல்கிற ஒன்று உரிமை ஆகாது.

உரிமை என்ற சொல் இங்கே மிகையல்ல. அரசு அலுவலகங்களிலும் பெயர்பெற்ற நிறுவனங்களிலும் சம்பளம் வாங்குவோருக்கு மட்டுமே குறைந்த பிரீமியப் பாலிசி ஒன்றை எல்ஐசி வழங்கியபோது, அந்த நிபந்தனை அரசமைப்புச் சட்டத்துக்கு முரணானது என 1995இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அமைப்புசாராத் தொழிலாளரை ஒதுக்கும் நிபந்தனை சமத்துவத்துக்கு எதிரானது என்பதே தீர்ப்பின் சாரம். பொதுத்துறை நிறுவனத்தைச் சட்டத்தின் முன் நிறுத்த முடிந்தது. அந்நிய முதலீட்டு வரம்பு 26 விழுக்காட்டிலிருந்து 49, 74 எனப் படிப்படியாக உயர்த்தப்பட்டு, இன்று 100 விழுக்காட்டை எட்டியுள்ள சந்தையில் இந்தக் கேள்வியை யாரிடம் எழுப்புவது?

ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான அதிகபட்சக் காத்திருப்புக் காலத்தை 2024இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் நான்கு ஆண்டுகளிலிருந்து மூன்றாகக் குறைத்தது. 65 வயது என்ற நுழைவு வரம்பும் நீக்கப்பட்டது. இவை வரவேற்கத்தக்கவையே. ஆனால் சிறுநீரகம் பழுதடைந்தவருக்கு மூன்று ஆண்டுகள் என்பது நீண்ட காலம். வயது வரம்பை நீக்கினாலும், பிரீமியம் எட்டாத உயரத்தில் இருந்தால் கதவு திறந்தும் பயனில்லை.

எனவே கோரிக்கைகள் தெளிவானவை. நோயைக் காரணம் காட்டி மறுப்பதும் கூடுதல் தொகை வசூலிப்பதும் சட்டப்படி தடுக்கப்பட வேண்டும். யஷஸ்வினி விவசாயத் தொழிலாளர்கள், குத்தகை விவசாயிகள் அனைவருக்கும் விரிவாக்கப்பட வேண்டும். பொதுத்துறைக் காப்பீட்டு நிறுவனங்கள் வலுப்படுத்தப்பட வேண்டும். அனைத்துக்கும் மேலாக, வட்ட மருத்துவமனையில் மருத்துவரும் மருந்தும் இலவசமாகக் கிடைக்க வேண்டும். அரசு மருத்துவமனை சீரழிந்த இடத்தில் காப்பீட்டு அட்டை தனியார் மருத்துவமனைக்கே வருமானம் சேர்க்கும்.

சங்க உறுப்பினரின் 5 ரூபாயும் அரசின் பங்களிப்பும் சேர்ந்து லட்சக்கணக்கானோரைக் காத்த அனுபவம் நம் கண்முன் இருக்கிறது. விவசாயிகள் சங்கமும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் இணைந்து கிராமம் கிராமமாகக் கொண்டுசெல்ல வேண்டிய செய்தி இதுவே.