ஒரே நெருப்பு - ஊருக்கொரு ருசி!

குடும்பத்தோடு பிரயாணம் போவதில் பல வகை உண்டு. கோவில், குளம் பார்க்கப் போவார்கள். வெயிலுக்குப் பயந்து மலைக்குப் போவார்கள். ஆனால், சாப்பாட்டுக் கடைகளையே திருத்தலங்களாக வைத்துக்கொண்டு ஆயிரம் மைலுக்கு மேல் காரில் சுற்றி வருவதைக் கேள்விப்பட்டதுண்டா?

அமெரிக்காவின் தென்பகுதியில் இது நடக்கிறது. விடுமுறை வந்ததும் தாய், தகப்பன், பிள்ளைகள், சில வீடுகளில் தாத்தா பாட்டியும் கூட, காரில் ஏறிவிடுகிறார்கள். அவர்கள் வழி நெடுகக் குறித்து வைத்திருப்பதெல்லாம் "பார்பெக்யூ" கடைகள்! வட கரோலினாவில் தொடங்கி, தென் கரோலினா, அலபாமா, டென்னசி என்று போய், டெக்சாசில் முடிக்கிறார்கள். அங்கே குடியேறியுள்ள நம் தமிழ்க் குடும்பங்களிலும் இந்த ஆசை உள்ளவர்கள் உண்டு.

பார்பெக்யூ என்பது என்ன? விறகுத் தணலின் சூட்டிலும் புகையிலும் மணிக்கணக்கில் மெதுவாக வெந்த இறைச்சி. கரீபியன் தீவுகளின் ஆதிகுடிகளான டைனோ மக்கள், குச்சிகளால் கட்டிய பரணுக்கு வைத்திருந்த பெயர் ஸ்பானியர் வாயில் "பார்பகோவா" ஆயிற்று. அதுவே ஆங்கிலத்தில் பார்பெக்யூ ஆனது.

நாக்கு ருசிக்காக இவ்வளவு தூரமா என்று சிரிக்க வேண்டாம். ஒரு நாட்டைத் தெரிந்துகொள்ள அதன் அடுப்படியைப் போல நல்ல பள்ளிக்கூடம் வேறு இல்லை. ஆனால், அந்தப் பள்ளிக்கூடத்தில் பாதிப் பாடத்தை மட்டும் படித்துவிட்டுத் திரும்பி வந்துவிடக் கூடாது என்பதே நாம் சொல்ல வந்தது.

ஊர் மாறினால் பக்குவம் மாறும்

வட கரோலினாவின் கிழக்குப் பகுதியில் ஏய்டன் என்று ஒரு சிற்றூர். அங்கே 1947-ல் தொடங்கிய "ஸ்கைலைட் இன்" கடையில் முழுப் பன்றியை விறகுத் தணலில் வாட்டுகிறார்கள். பிறகு கத்தியால் கொத்தி, காடியும் மிளகாயும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். கடையின் கூரை மீது அமெரிக்கப் பாராளுமன்றக் கட்டடத்தைப் போல ஒரு கும்மட்டம் வேறு! "பார்பெக்யூவின் தலைநகரம் நாங்கள்தான்" என்று சொல்லாமல் சொல்லுகிறார்கள்.

அதே மாநிலத்தில் மேற்கே லெக்சிங்டன் போனால் கதை வேறு. அங்கே முழுப் பன்றி கிடையாது. தோள்பட்டை இறைச்சி மட்டும். காடியிலே கொஞ்சம் தக்காளியும் கலந்துவிடும். எது அசல் என்று இந்த இரு பகுதியாருக்கும் ஓயாத வழக்கு! தென் கரோலினாவின் நடுப்பகுதியில் கடுகுச் சாஸ். அலபாமாவின் டிகேட்டர் நகரில், 1925-ல் தொடங்கிய "பிக் பாப் கிப்சன்" கடையில் கோழிக்கு வெள்ளைச் சாஸ். மெம்பிஸ் நகரத்திலே பன்றி விலா எலும்புகளுக்கு மசாலாப் பொடி தடவி, உலர்ந்த பக்குவத்தில் கொடுக்கும் கடைகள் பேர்போனவை.

டெக்சாஸ் வந்தால் மாட்டிறைச்சிதான் ராஜா. அதிலும் மாட்டின் மார்புப் பகுதியான "பிரிஸ்கட்". இது கடினமான சதை. அவசரப்பட்டால் தோல் போல ஆகிவிடும். பத்துப் பன்னிரண்டு மணி நேரம் மெதுவான சூட்டில் இருந்தால், சதையைக் கட்டியிருக்கும் நார் இளகிக் கூழாகிறது. இறைச்சி பூப்போல ஆகிறது. நல்ல துண்டு வசதியுள்ளவன் வீட்டுக்குப் போயிற்று. கடினமான துண்டு ஏழைக்குக் கிடைத்தது. அந்த ஏழையின் பொறுமைதான் இன்று உலகப் புகழ் பெற்றிருக்கிறது.

இந்த இறைச்சிகளைத் தொடாதவர்கள் கூடப் போனால் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. முட்டைக்கோசுப் பச்சடி, உருளைக்கிழங்கு, சோள ரொட்டி எல்லாம் கிடைக்கும். ஆனால் ஓர் எச்சரிக்கை: வேகவைத்த பயறு என்று சொல்லிக் கொடுப்பதிலும் பல கடைகளில் இறைச்சித் துண்டு கிடக்கும். கேட்டு வாங்குவது நல்லது.

தணல் போன ஊர்வலம்

டெக்சாசின் லாக்ஹார்ட் ஊரில் "கிராய்ட்ஸ் மார்க்கெட்" என்ற கடை 1900-ல் தொடங்கியது. ஜெர்மானியர் வழிவந்த இறைச்சிக் கடை. தட்டு கிடையாது, தாளில் வைத்துக் கொடுப்பார்கள். சாஸ் கேட்டால் "இல்லை" என்பதே நெடுங்காலம் அங்கே பதில்.

இக்கடையை நடத்திய தகப்பனார் வியாபாரத்தைப் பிள்ளைகளுக்கு விற்றார். கட்டடத்தையோ மகளுக்கு எழுதி வைத்தார். பிறகு சச்சரவு வராமல் இருக்குமா? 1999-ல் வியாபாரம் வேறு இடத்துக்குப் போயிற்று. அப்போது பழைய அடுப்பின் தணலை ஒரு தொட்டியில் அள்ளி, தெரு வழியே இழுத்துச் சென்று புது அடுப்பை மூட்டினார்கள்! பழைய கட்டடத்தில் மகள் வேறு கடை திறந்தார். இன்று இரண்டிலும் கூட்டம். சொத்தைப் பங்கு போட்டுக்கொண்டவர்கள் நெருப்பை மட்டும் அணையவிடவில்லை.

மூடியிருந்த கதவு

இதுவரை சொன்னது இனிப்பான பாதி. இனி மறுபாதி.

குழி வெட்டி, விறகை எரித்து, இரவெல்லாம் கண் விழித்து இறைச்சியை வாட்டியவர்கள் யார்? தென்பகுதிப் பண்ணைகளிலே பெரும்பாலும் அடிமைகளாக இருந்த கறுப்பின மக்கள். எஜமானர் வீட்டு விருந்துக்கும், தேர்தல் கூட்டத்து விருந்துக்கும் அவர்கள் கையே பக்குவம் பார்த்தது. விடுதலைக்குப் பிறகும் கடைகளின் அடுப்படியில் அவர்களே நின்றார்கள். ஆனால் பல கடைகளில் மேஜையில் உட்கார அவர்களுக்கு இடம் இல்லை.

பர்மிங்காம் நகரத்து "ஆலீஸ் பார்பெக்யூ" வழக்கு இதற்குச் சாட்சி. சுமார் 220 பேர் உட்காரக்கூடிய கடை. வேலைக்காரர்கள் 36 பேரில் மூன்றில் இரண்டு பங்கினர் கறுப்பர்கள். ஆனால் கறுப்பர்கள் வாடிக்கையாளராக வந்தால் பொட்டலம் கட்டி வாங்கிக்கொண்டு போக வேண்டும். உள்ளே உட்காரக் கூடாது!

1964 ஜூலையில் இந்தப் பாகுபாட்டைத் தடுக்கும் சிவில் உரிமைச் சட்டம் வந்தது. கடைக்காரர் கோர்ட்டுக்குப் போனார். "என்னுடையது உள்ளூர்க் கடை. மத்திய சர்க்காருக்கு இதில் என்ன வேலை?" என்பது அவர் வாதம். கணக்கைப் பார்த்தார்கள். ஓராண்டில் வாங்கிய உணவுப் பொருள் சுமார் 1,50,000 டாலர். அதில் 46 சதவிகிதம், வெளி மாநிலத்திலிருந்து வந்த இறைச்சி. மாநிலங்களுக்கு இடையே நடக்கும் வியாபாரத்தைக் கட்டுப்படுத்த மத்திய சர்க்காருக்கு அதிகாரம் உண்டு; ஆகவே இச்சட்டம் செல்லும் என்று 1964 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு ஏகமனதாகத் தீர்ப்பளித்தது. மாநில எல்லையைத் தாண்டி இறைச்சி வரலாம். வாசற்படியைத் தாண்டி மனிதன் வரக் கூடாதா?

அந்தக் காலத்தில் கறுப்புக் குடும்பம் ஒன்று காரில் பிரயாணம் புறப்பட்டால், எந்த ஊரில் நல்ல ருசி என்று பார்க்கவில்லை. எந்த ஊரில் சோறு போடுவார்கள், எங்கே படுக்க இடம் கொடுப்பார்கள் என்றுதான் பார்த்தது. அதற்காகவே நியூயார்க்கின் ஹார்லெமில் வாழ்ந்த தபால் ஊழியர் விக்டர் ஹியூகோ கிரீன் 1936-ல் ஒரு கையேடு வெளியிட்டார். "கிரீன் புக்" என்ற அந்தப் புத்தகம் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் வெளிவந்தது. ஒரே சாலை, ஒரே நாடு. ஒருவருக்கு உல்லாசம், இன்னொருவருக்கு உயிர்ப் பயம்!

சாப்பிட வந்த இடத்தில் சரித்திரம் எதற்கு?

சிலர் இப்படிக் கேட்கக் கூடும். "பிள்ளைகள் சந்தோஷமாகச் சாப்பிடுகிறார்கள். பழைய காயத்தைக் கீறுவானேன்?" என்பார்கள். பிள்ளைகளின் சந்தோஷத்தைக் கெடுக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. "இதைச் சமைத்தவர் யார்?" என்று ஒரு கேள்வி கேட்கக் கற்றுக்கொடுங்கள் என்றே சொல்லுகிறோம். ருசியைப் புகழ்ந்து, கையை மறப்பது நன்றி அல்ல. "உப்பிட்டவரை உள்ளளவும் நினை" என்பது நம் வீட்டுப் பழமொழி. உப்புப் போட்டுச் சமைத்தவரையும் அதில் சேர்த்துக்கொள்ளுவோம்.

காலம் மாறிக்கொண்டுதான் வருகிறது. தென் கரோலினாவில் ஹெமிங்வே என்ற சிற்றூரில், குடும்பக் கடையில் பன்றி வாட்டி வளர்ந்த கறுப்பினத்தவரான ராட்னி ஸ்காட்டுக்கு, 2018-ல் அந்நாட்டுச் சமையல் உலகின் பெரும் பரிசான ஜேம்ஸ் பியர்ட் விருது கிடைத்தது. பெயர் தெரியாமல் புகையில் நின்றவர்களின் தொழிலுக்கு, ஒரு பெயரும் முகமும் கிடைத்தன.

இன்னொரு விஷயமும் உண்டு. 1956-ல் பிறந்த நெடுஞ்சாலைச் சட்டத்தால் அகன்ற சாலைகள் வந்தன. அவற்றின் ஓரத்தில், எங்கே சாப்பிட்டாலும் ஒரே ருசியுள்ள கம்பெனிக் கடைகள் முளைத்தன. விறகும் இரவுக் காவலும் செலவு என்று, பல பார்பெக்யூ கடைகளும் எரிவாயு அடுப்புக்கு மாறிவிட்டன. பெரிய சாலையை விட்டு இறங்கி, சிற்றூரைத் தேடிப் போகிறவர்கள் இருக்கும் வரைதான் விறகு அடுப்பு எரியும்.

ஆகவே, அமெரிக்காவில் உள்ள நம்மவர்கள் இப்படி ஒரு பிரயாணம் போவதானால் தாராளமாகப் போகட்டும். கம்பெனிக் கடையைத் தாண்டி, ஊர்க் கடைக்குப் போகட்டும். கறுப்பினத்தார் நடத்தும் கடைகளையும் தேடிப் போகட்டும். வயிறு நிறைந்த பிறகு பிள்ளைகளுக்கு அந்த மூடிய கதவின் கதையையும் சொல்லட்டும்.

அடுப்பிலே பேதம் இல்லை. தணல் யார் கைக்கும் ஒரே சூடுதான். பேதம் இருந்தது பந்தியிலே. அது எங்கே இருந்தாலும், எந்த நாட்டுப் பந்தியாக இருந்தாலும், எடுத்தெறிய வேண்டியதே!