பணமில்லை என்றொரு காரணம்

தேர்தலைத் தள்ளிவைக்க அரசுகள் கூறும் காரணங்களுள் "திறைசேரியில் பணமில்லை" என்பது சற்றே புதுமையானது. 2023 மார்ச் 9இல் நடைபெறவிருந்த உள்ளூராட்சித் தேர்தல் அக்காரணத்தால் நின்றது. பெப்ரவரி 26இல் அதனைக் கண்டித்துத் தேசிய மக்கள் சக்தி கொழும்பில் நடத்திய பேரணி கண்ணீர்ப்புகையாற் கலைக்கப்பட்டது. வேட்பாளர் ஒருவர் பின்னர் உயிரிழந்தார்.

அவ்வெதிர்க்கட்சிக்கு அன்று பெருகிய ஆதரவைக் கட்சியபிமானம் என்று மட்டும் கொள்வது பிழை. மாநகர சபை கலைந்தபின் ஈராண்டுக்கு மேலாக, வெள்ளவத்தையில் வடிகால் அடைத்தாலும் கொட்டாஞ்சேனையிற் குப்பை குவிந்தாலும் முறையிட அங்கத்தவர் எவரும் இருக்கவில்லை, ஆணையாளரே ஆட்சி நடத்தினார்.

முதியோர்க்கு இதனினும் கொடிய நினைவொன்று உண்டு. 1982 டிசம்பர் 22இல் நடந்த சர்வசன வாக்கெடுப்பு, 1977இல் தெரிவான பாராளுமன்றத்தின் ஆயுளைப் பொதுத்தேர்தலின்றி மேலும் ஆறாண்டு நீட்டிற்று. மறு யூலையில் வெள்ளவத்தை எரிந்தது. ஆண்டவர்களைக் கணக்குக் கேட்க மக்கள் கையில் பொதுத்தேர்தல் வாக்குச்சீட்டு இல்லை. 1989 வரை கிட்டவுமில்லை. வாக்குரிமை பற்றிய பேச்சு இவ்வீதிகளில் வெறும் தத்துவமாக ஒலியாதிருப்பது இதனாலேதான்.

2024 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம், தேர்தலை நடத்தாமை அடிப்படை உரிமை மீறலே எனத் தீர்ப்பளித்தது. தேர்தல் 2025 மே 6இல் நடந்தது. அதற்குள் அன்றைய எதிர்க்கட்சி ஆளுங்கட்சியாகிவிட்டது! ஆயினும், 2014இல் இறுதியாக நடந்த மாகாண சபைத் தேர்தல் 2025இலும் நடைபெறவில்லை. இம்முறை கூறப்பட்ட காரணம் பணமன்று. தேர்தல் முறைச் சட்டம்.