காக்காய்ப் பொன்னின் காவல்

சென்ற மாதம் நம் வீட்டுக் கிணற்று மோட்டார் புகைந்து நின்றுவிட்டது. பழுது பார்க்க வந்தவர் அதைப் பிரித்து, கரிந்துபோன சுருள்களை வெளியே இழுத்துப் போட்டு, "செம்புக் கம்பிக்கு ஒரு குறையும் இல்லை, ஸார். மேலே இருந்த காப்புத்தான் போய்விட்டது" என்றார். பதினைந்து வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் போதித்துவரும் நமக்கு, இந்த விஷயத்தை மாணாக்கர்களிடம் இத்தனை சுருக்கமாகச் சொல்ல ஒரு நாளும் வாய்த்ததில்லை. சுருள் எரிந்தது என்று நாம் சொல்லும்போதெல்லாம் முதலில் அழிவது அதன் மேற்சட்டையே.

கிணற்று மோட்டாருக்கு வார்னிஷும் காகிதமும் போதும். ஒரு பெரிய நகரத்துக்கே மின்சாரம் வழங்கும் ஜெனரேட்டருக்கு என்ன சட்டை தைப்பது? நம் தேசத்து அனல் மின் நிலையங்களில் உள்ள 500 மெகாவாட் யந்திரத்தை எடுத்துக்கொள்வோம். நடுவே காந்தம் நிமிஷத்துக்கு 3,000 தடவை சுழல்கிறது. அதைச் சூழ்ந்து அசையாமல் நிற்கும் இரும்புக் கூட்டுக்கு ஸ்டேட்டர் என்று பெயர். அதன் உட்புறத்திலுள்ள நீண்ட பள்ளங்களில் செம்புப் பட்டைகள் படுத்திருக்கின்றன. மின்சாரம் பிறப்பது அவற்றில்தான். அழுத்தம் 21,000 வோல்ட். பள்ளத்தின் இரும்போ பூமியோடு இணைந்தது. இவ்விரண்டையும் பிரித்து நிற்பது சில மில்லிமீட்டர் கனமுள்ள ஓர் உறை. ஒரு தோசைக்கல்லின் கனம் இருந்தால் அதிகம்.

அந்த உறை படும் பாட்டைக் கேளுங்கள். உஷ்ணம் பத்து டிகிரி ஏறினால் காப்பின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது இஞ்சினீயர்களின் அநுபவக் கணக்கு. ஆறு மீட்டர் நீளமுள்ள செம்பு, அறுபது டிகிரி சூடேறினால் ஆறு மில்லிமீட்டர் நீளுகிறது. சுற்றியுள்ள இரும்பு அவ்வளவு நீளுவதில்லை. நடுவில் அகப்பட்ட உறை இழுபடுகிறது. போதாக்குறைக்குக் காந்த விசை பட்டையை விநாடிக்கு 100 தடவை அதிரவைக்கிறது.

ஆயினும் இவற்றினும் பொல்லாத பகைவன், உறைக்குள்ளே ஒளிந்திருக்கும் வெறும் காற்றுத்தான். இரண்டு ஏடுகளுக்கு நடுவே மயிரிழை இடைவெளி இருந்தாலும், அருகிலுள்ள திடப்பொருள் தாங்குவதைப்போல் நான்கு மடங்கு மின் நெருக்கம் அந்தக் காற்றின்மேல் விழுகிறது. காற்று சாமானியமாக மில்லிமீட்டருக்குச் சுமார் 3,000 வோல்ட்டுக்குமேல் பொறுக்காது. பொறி பறக்கிறது, விநாடிதோறும் நூற்றுக்கணக்கில். கண்ணுக்குத் தெரியாத அந்தப் பொறிகள் பருத்தி, பட்டு, அரக்கு, பிசின் எதையும் கரையான் அரிப்பதுபோல் அரித்துவிடுகின்றன.

அரிப்புக்கு எளிதில் அசையாத வஸ்து ஒன்று உண்டு. அபிரகம் என்று வைத்தியர்களும், காக்காய்ப் பொன் என்று நம் பாட்டிமார்களும் சொன்னார்களே, அதுதான். கெட்டுப்போன பழைய இஸ்திரிப் பெட்டியைப் பிரித்தவர்கள் அந்தப் பளபளக்கும் தகட்டைப் பார்த்திருப்பார்கள். 500 டிகிரி சூட்டையும் தாங்கும் கல் அது. ஆனாலும் புத்தகம்போல் ஏடு ஏடாக உரியும். கல்லின் உறுதியும் காகிதத்தின் மென்மையும் ஒன்றாய்ச் சேர்ந்த இப்படியொரு பொருளை வேறெங்கும் நாம் கண்டதில்லை.

ஒரு குறை, அது சிறு சிறு ஏடுகளாகவே கிடைக்கிறது. நீண்ட பட்டைமேல் சுற்றவேண்டுமானால் ஒட்டுவதற்குப் பசை வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தப் பசை அரக்கு. பிறகு ஆஸ்பால்ட் என்னும் கீல் வந்தது. உறை சுற்றிய பட்டையிலிருந்து காற்றை முதலில் உறிஞ்சி எடுத்துவிட்டு, உருகிய கீலை அழுத்தத்தோடு உள்ளே செலுத்தினார்கள். நீர்மின் நிலையங்களில் இவ்விதக் காப்புடன் ஐம்பது ஆண்டுக்குமேல் ஓடிய யந்திரங்கள் பல. நீராவி யந்திரங்கள் நீளத்தில் வளர்ந்தபோதுதான் சங்கடம். சூட்டில் கீல் இளகியது. செம்பு நீண்டு சுருங்க, உறை பழைய இடத்துக்குத் திரும்பாமல், பள்ளத்தின் முனையருகே மாலை போட்டாற்போல் சுற்றிலும் வெடித்தது. 1950-ஐ ஒட்டிப் பாலியெஸ்டரும் அதன் பின் எபாக்ஸியும் வந்தன. இவை ஒரு தடவை இறுகினால் மறுபடி இளகா. பசைகள் இப்படி மாறி மாறி வந்தும், அபிரகத்தை மட்டும் யாராலும் வெளியேற்ற முடியவில்லை.

அந்த அபிரகம் எங்கிருந்து போயிற்று? இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் உலகத்துக்குத் தகட்டு அபிரகம் வழங்குவதில் முதலிடம் நம் தேசத்துக்கே. கோடர்மா, கிரிதி, ஹஸாரிபாக் பக்கமும், அந்நாளைய சென்னை மாகாணத்தில் நெல்லூர்ப் பக்கமும் வெட்டியெடுத்தார்கள். தகட்டை மெல்லிய ஏடாக உரிக்க யந்திரம் சரிப்படவில்லை. பெண்களும் குழந்தைகளும் கத்தி முனையால், மில்லிமீட்டரில் நாற்பதில் ஒரு பங்கு கனம் வரையில் உரித்துத் தள்ளினார்கள். ஆயிரக்கணக்கான மைலுக்கப்பால் ஒரு மின் நிலையம் நிற்காமல் ஓடியது இந்த விரல்களின் நிதானத்தால் என்றால் மிகையன்று.

1940-களில் துண்டு அபிரகத்தைத் தூளாக்கி நீரில் கலந்து, காகிதம்போலவே தாளாக வார்க்கும் முறை வந்தது. இன்று பெரிய ஜெனரேட்டர்களில் கண்ணாடி நூல் துணிமேல் ஒட்டி எபாக்ஸி ஊட்டிச் சுற்றுவது பெரும்பாலும் இந்தத் தாளைத்தான். காப்பு முன்னிலும் ஒரே சீரானது. ஏடு உரித்தவர்களின் பிழைப்பு போயிற்று. பின்னர்ச் சட்டபூர்வமான சுரங்கங்களும் பெரும்பாலும் மூடின. இப்போது ஜார்க்கண்டில் அடங்கிய கோடர்மாக் காடுகளில், கைவிட்ட குழிகளிலும் பழைய கழிவு மேடுகளிலும் ஜனங்கள் துண்டு பொறுக்குகிறார்கள். குழிகள் சரிந்து சிறுவர்கள் மாண்டதைப் பத்திரிகையாளர்கள் 2016-ல் விசாரித்து வெளியிட்டார்கள். அந்தத் துண்டுகளில் ஒரு நல்ல பகுதி ஜெனரேட்டருக்குக்கூடப் போவதில்லை; பெயிண்டுக்கும் முகப்பூச்சுக்கும் மினுமினுப்பு ஏற்றப் போகிறது.