வசையும் இரங்கலும்

காதல் தோற்றவன் பாட்டென்றாலே பெண்ணை ஏசும் பாட்டு என்றொரு வழக்கம் தமிழ்த்திரையில் நிலைத்துவிட்டது. ‘கொலவெறி’ (2011) உலகெங்கும் பரவியபின் அதற்கு ‘சூப் பாட்டு’ என்று பெயரும் கிடைத்தது. அதே ஆண்டு வந்த ‘மயக்கம் என்ன’ படப்பாடலொன்று அவளை அடிக்கவும் சொல்கிறது. இளைஞரின் உண்மைக்குரல் இது, பழைய பாட்டுகளோ வெறும் அழுமூஞ்சித்தனம் என்று வாதிடும் நண்பர்களோடு நாம் முற்றிலும் மாறுபடுகிறோம்.

ஆர்.கே.பேட்டையில் இருந்துகொண்டு ‘தேவதாஸ்’ படத்தை மறப்பதெப்படி? 1953 ஜூனில் தெலுங்கிலும் செப்டம்பரில் தமிழிலும் வந்தது அப்படம். அக்டோபர் முதல்நாள் ஆந்திர மாநிலம் பிறந்தது. திருத்தணி வட்டாரம் அங்கே போயிற்று, 1960 ஏப்ரலில்தான் திரும்பியது. எல்லைக்காக மனிதர் மோதிக்கொண்டிருந்த அந்த நாள்களில் ஒரே கண்டசாலா இரு மொழியிலும் ஒரே துயரத்தைப் பாடினார். அவருடைய தமிழில் தெலுங்கு வாடை என்று குறைசொல்வோர் இன்றும் உண்டு. வீட்டில் ஒன்று, தெருவில் ஒன்று எனப் பேசிப் பழகிய எமது செவிக்கு அது குறையாகப்படவில்லை. (இசையமைத்த சி.ஆர்.சுப்பராமன் படம் வெளிவருமுன்பே, 1952இல் மறைந்துபோனார்.)

தேவதாஸ் கோழைதான், ஒப்புகிறோம். குடித்தே அழிந்தவனைப் போற்றவும் வேண்டாம். ஆயினும் அவன் பாடும்போது பார்வதியை ஏசவில்லை. உலகை நோகிறான், தன் நெஞ்சோடு பேசுகிறான். நெஞ்சொடு கிளத்தல் என்று வள்ளுவர் ஓர் அதிகாரமே வைத்த மரபு அது. அதற்கும் முன், மனைவியை ஈமத்தீக்குக் கொடுத்துவிட்ட சேரமான் கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை, அவள் மாய்ந்தபின்னும் தான் வாழ்கிறோமே என்று தன்னைத்தான் நொந்துகொள்கிறான் (புறம் 245). அரசன் அழுதான் என்று அதை எவரும் ஒதுக்கிவிடவில்லை.

ஸ்பானிய மொழியிலும் இதைக் காணலாம். பனாமாவின் கார்லோஸ் எலெட்டா அல்மரான் 1955 அளவில் இயற்றிய ‘இஸ்தோரியா தே உன் அமோர்’ அவருடைய சொந்தக் காதலின் கதையன்று. மனைவியை இழந்த தம் சகோதரரின் துயரத்தைத் தாம் வாங்கிக்கொண்டு எழுதிய பொலேரோ அது. பிறர் துயருக்குக் குரல் கொடுக்க ஒருவரால் முடிந்திருக்கிறது. நம் பாடலாசிரியர்களோ கதாநாயகனின் தன்மானத்துக்கு மட்டுமே குரல் கொடுக்கிறார்கள்.

இழந்தது அருமையானது என்று நினைப்பவன்தானே இரங்குவான்? அவள் ஏமாற்றுக்காரி, பணத்துக்கு மயங்கியவள் என்று சரணத்துக்குச் சரணம் நிறுவிவிட்டால், அப்புறம் அழுவதற்கு அங்கே என்ன இருக்கிறது? மறுத்த பெண்மீது அமிலம் வீசும் நாட்டில் இருக்கிறோம். வினோதினி 2013இல் அப்படித்தான் இறந்தாள். பாட்டுதான் அதைச் செய்தது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் மறுப்பதற்கு அவளுக்கு உரிமையுண்டு என்று பாடும் ஒரு சூப் பாட்டை, நண்பர்களே, நீங்கள் எமக்குக் காட்டுங்கள்.